கால் கொழுகொழுவென்று இருந்தால் பலமா? ஒரு பிள்ளைக்கு நாலு வைத்தியர். சேர்த்து வைப்பது யார்?

அரக்கோணம்,-

காலை நேரம். அரக்கோணம் ரெயில் நிலையம். ஆபீசுக்குப் போகிறவர்கள் சென்னை வண்டிக்கு முண்டியடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் காட்பாடி வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், இடுப்பில் பிள்ளையுடன் நிற்கும் தாய்மார்களையும் பார்க்கலாம். கைப்பிள்ளை அல்ல. 5 வயது, 6 வயதுப் பிள்ளை! மறுகையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளே ரத்தப் பரிசோதனைக் காகிதம், எக்ஸ்ரே படம், நாலு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த நாலு சீட்டு.

பயணம் வேலூர் ஆஸ்பத்திரிக்கு. நடக்க வேண்டிய வயதில் பிள்ளை நடக்கவில்லை. அல்லது நடந்துகொண்டிருந்த பிள்ளை அடிக்கடி விழுகிறான்.

அந்தப் பையில்தான் விஷயமே இருக்கிறது. சீட்டு நாலு. பிள்ளை ஒன்று. ஒரு சீட்டில் எழுதியது அடுத்த டாக்டருக்குத் தெரியாவிட்டால், வைத்தியமே பிள்ளைக்கு வினையாகிவிடக் கூடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

"லேட்டாத்தான் நடப்பான்!"

குழந்தைக்கு 4 மாதத்தில் தலை நிற்க வேண்டும். 9 மாதத்துக்குள் தானாக உட்கார வேண்டும். 18 மாதத்துக்குள் நடக்க வேண்டும். 2 வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும். தவறினால் டாக்டரிடம் காட்டுவதுதான் முறை.

ஆனால் வீட்டில் நடப்பது என்ன?

"ஆம்பளைப் புள்ள, லேட்டாத்தான் நடப்பான். அவங்க அப்பனும் அப்படித்தான்" என்பார் பாட்டி. "காலைப் பாரு, உருட்டுக்கட்டையாட்டம்! இந்தப் புள்ளைக்கு என்னா கொறை?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்த உருட்டுக்கட்டைக் கால்தான் பல நேரங்களில் முதல் அபாய அறிவிப்பு! தசைச்சிதைவு நோயில் 'டுஷேன்' என்று ஒரு வகை உண்டு. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும். இதில் கெண்டைக்கால் பருத்துத் தெரியும். அது பலம் அல்ல. தசை அழிந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்வதால் வரும் பருமன்.

இன்னொரு அடையாளமும் உண்டு. தரையில் உட்கார்ந்த பிள்ளை நேராக எழுந்திருக்க மாட்டான். கையைத் தரையில் ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுவது போல எழுந்திருப்பான். குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நடப்பான். மாடிப்படி ஏறத் திணறுவான்.

சில பிள்ளைகளுக்கு முதலில் தெரிவது கால் கோளாறே அல்ல. பேச்சு தாமதப்படும். "பேச்சு வரலை" என்று காட்டப்போன இடத்தில் தசை நோய் தெரிய வருவதும் உண்டு. தசைக்குத் தேவையான புரதம் ஒன்று உடலில் உற்பத்தியாகாததுதான் காரணம். அந்தப் புரதத்துக்கு மூளையிலும் வேலை உண்டு என்பதுதான் விஷயம். 1987-ல்தான் விஞ்ஞானிகள் அதை அடையாளம் கண்டார்கள்.

ஈரல் கோளாறு என்று அலைச்சல்

நோயைச் சந்தேகிக்க 'சி.கே.' என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். நோய் உள்ள பிள்ளைக்கு இது வழக்கமான அளவைப்போலப் பல மடங்கு இருக்கும். பிறகு மரபணுப் பரிசோதனை செய்து உறுதி செய்கிறார்கள்.

இந்தப் பரிசோதனையை எழுதாமல், கல்லீரலுக்கான பரிசோதனையை மட்டும் எழுதினால்? அதிலும் இரண்டு அளவுகள் கூடுதலாகத்தான் வரும். ஏனென்றால் அந்தப் பொருட்கள் ஈரலில் மட்டும் அல்ல, தசையிலும் இருக்கின்றன. "ஈரலில் கோளாறு" என்று மாதக்கணக்கில் மருந்து, பத்தியம், அலைச்சல்! நோயோ காலில் இருக்கும்.

அதே பயிற்சி, எதிர் பலன்!

மூளை முடக்குவாதம் வந்த குழந்தைக்குத் தசையில் கோளாறு இல்லை. தசைக்கு உத்தரவு போடும் மூளையில்தான் பாதிப்பு. அந்தக் குழந்தைக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்து, தசையைப் பலப்படுத்தலாம்.

தசைச்சிதைவு நோய் வந்த பிள்ளைக்கு அப்படிச் செய்தால் ஆபத்து. கனமான எடை தூக்குவது, குதிப்பது, படியில் வேகமாக இறங்குவது எல்லாம் ஏற்கெனவே நைந்த தசையை மேலும் கிழிக்கும். அவனுக்குத் தேவை, குதிகால் நரம்பு இறுகாமல் தினமும் இழுத்துவிடும் பயிற்சி. இரவில் காலுக்குப் பட்டை. களைப்பு வராத அளவுக்கு விளையாட்டு. நீச்சல் நல்லது.

வெளியே பார்த்தால் இரண்டு பிள்ளைகளுமே "நடக்க முடியாத பிள்ளை". எதிர் வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன பயிற்சியை நம் பிள்ளைக்குச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

கட்டுப் போட்டதும் போன நடை

இந்தப் பக்கத்து மக்களுக்கு எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு ஞாபகம் வரும். அரக்கோணத்தில் ரேணிகுண்டா வண்டி ஏறினால், வழியில்தான் புத்தூர்.

ஆனால் தசைச்சிதைவு நோய் எலும்பு நோய் அல்ல. கட்டினாலும் தீராது. எண்ணெய் தேய்த்தாலும் தீராது.

தடுமாறி விழும் பிள்ளைக்குக் கால் எலும்பு முறிவதும் உண்டு. அப்போதுதான் பெரிய கண்டம். மற்றப் பிள்ளைக்கு ஒன்றரை மாதம் மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்தால், எழுந்து ஓடுவான். இந்தப் பிள்ளை பல வாரம் படுத்தால், மீண்டும் நடக்காமலே போய்விடக் கூடும். சீக்கிரமாக எழுப்பி நிற்க வைக்கும்படி வைத்தியம் செய்ய வேண்டும்.

ஆபரேஷன் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. சில மயக்க மருந்துகள் இந்தப் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து. பல பிள்ளைகள் 'ஸ்டீராய்டு' மாத்திரை சாப்பிடுவார்கள். நடக்கும் காலத்தை நீட்டிக்க அது உதவுகிறது. ஆனால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எலும்பு டாக்டருக்கு இது தெரிய வேண்டும். பல் டாக்டருக்கும் தெரிய வேண்டும்.

இதயமும் தசைதான். ஆகவே இதய டாக்டரும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். மூச்சுத் தசை தளரும்போது நுரையீரல் டாக்டர் வேண்டும். எழுதவும் சாப்பிடவும் கைக்குப் பழக்கம் கொடுப்பவர் வேண்டும். பேச்சுப் பயிற்சி தருபவர் வேண்டும்.

நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் 20 வயது தாண்டுவதே அரிது என்றிருந்த நிலை மாறிவிட்டது. மாத்திரை, பயிற்சி, மூச்சு உதவி எல்லாம் சேர்ந்து கிடைத்ததால் 30 வயதைத் தொட்டவர்கள் உண்டு. சேர்ந்து கிடைத்ததால் என்பதுதான் இங்கே முக்கியம்.

சக்கர நாற்காலி டாக்டர்

இந்தச் சேர்ப்பு வேலைக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருந்தார். அவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டராக இருந்த அவர், 1954-ல் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. அதோடு முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு, வேலூருக்கே திரும்பினார்.

அவர் பொறுப்பில் அந்தத் துறை சி.எம்.சி.யில் தொடங்கியது. 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. டாக்டர், பிசியோதெரபிஸ்ட், கைவேலைப் பயிற்சி தருபவர், செயற்கைக் கால் செய்பவர், சமூக ஊழியர் எல்லோரும் ஒரே நோயாளிக்காக ஒன்றாக வேலை செய்யும் முறை அங்கே வளர்ந்தது. 1972-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1986-ல் அவர் காலமானார்.

வீடு தேடி வரும் பயிற்சி

வேலூர் பெரிய ஆஸ்பத்திரி. ஆனால் வாரம் இரண்டு தடவை போக முடியுமா? அரக்கோணத்திலிருந்து காட்பாடி சுமார் 60 கிலோ மீட்டர். அங்கிருந்து பஸ். போய்வர ஒரு நாள் போய்விடும். குருவராஜப்பேட்டையில் தறி நெய்கிறவருக்கும், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கும் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி.

இதற்குத் தெற்கே ஒரு வழி கண்டார்கள். ராணிப்பேட்டை மாவட்டம் உருவான அதே 2019 நவம்பரில் உருவானது தென்காசி மாவட்டம். அங்கே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது.

அதைத் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் தடை தாண்டும்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர். 1981-ல் சங்கத்தை ஆரம்பித்தார். 1992-ல் அவருடன் சேர்ந்தவர் ஆடிட்டர் எஸ்.சங்கரராமன். அவருக்கு இருப்பது இதே தசைச்சிதைவு நோய்! சக்கர நாற்காலியில் இருந்தபடியே இருவரும் சங்கத்தை வளர்த்தார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அங்கே முறை எளிது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளை இருக்கும் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். என்ன பயிற்சி கொடுத்தார்கள், பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்பதெல்லாம் செல்போனிலேயே பதிவாகிறது. பிசியோதெரபிஸ்ட்டும் பேச்சுப் பயிற்சி நிபுணரும் பார்ப்பது ஒரே பதிவை. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியும். பயிற்சியைக் கற்றுக்கொண்டு தினமும் செய்கிறவர் தாய்.

என்னென்ன கிடைக்கும்?

பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து வளர்ச்சிக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க, 2013-ல் மத்திய அரசு திட்டம் கொண்டு வந்தது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு, சந்தேகம் உள்ள பிள்ளையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பும்.

பள்ளிக்கூட வயது பிள்ளைகளுக்கு வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபி வசதியும் உண்டு. தமிழக அரசு உலக வங்கி உதவியோடு 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' மையங்களைத் தொடங்கியது. எல்லாப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகை ஊனங்களில் தசைச்சிதைவும், மூளை முடக்குவாதமும் உண்டு. தசைச்சிதைவு நோயாளிகளுக்கான மாத உதவித்தொகையை 2023 ஜனவரி முதல் 2 ஆயிரம் ரூபாயாகத் தமிழக அரசு உயர்த்தியது. துணையின்றிப் பயணம் செய்ய முடியாத மாற்றுத்திறனாளிக்கு ரெயிலில் இரண்டாம் வகுப்பில் 75 சதவீத கட்டணச் சலுகை. கூடவே போகிற தாய்க்கும் அதே சலுகை. உரிய சான்றிதழ் இருக்க வேண்டும்.

பழி வேண்டாம்

"உன் வம்சத்து நோய்தான் புள்ளைக்கு வந்துச்சு" என்று மருமகளைப் பேசும் வீடுகள் உண்டு. டுஷேன் நோயில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குத்தான் தாய்வழி மரபணுவில் வருகிறது. மற்றவர்களுக்குப் புதிதாகவே ஏற்படுகிறது. எப்படி வந்தாலும் அது யாருடைய குற்றமும் அல்ல. முதுகுத்தண்டு நரம்பு கெட்டு வரும் தசை நலிவு நோயில் தகப்பன், தாய் இருவருக்குமே பங்கு உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அப்படிப்பட்ட நோய்க்கு வாய்ப்பு கூடும். அடுத்த பிள்ளைக்கு முன்பு மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. சண்டை போடுவதால் பலன் இல்லை.

ஒரே ஒரு நோட்டு

இன்றைக்கே செய்யக் கூடியது ஒன்று உண்டு. கடையில் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோயின் பெயர். அடுத்து, சாப்பிடும் மாத்திரை. அடுத்து, செய்யக் கூடாத பயிற்சி, கொடுக்கக் கூடாத மயக்க மருந்து. பெரிய டாக்டரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்த நோட்டை நீட்டுங்கள். பள்ளிக்கூட டிரில் மாஸ்டருக்கும் காட்டுங்கள்.

அரக்கோணம் ஜங்ஷன் ஊர். தண்டவாளம் எத்தனை வந்து சேர்ந்தாலும், பாயிண்டு சரியாக விழாவிட்டால் வண்டி என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை.

மஞ்சள் பையோடு நிற்கும் அந்தத் தாய்தான் இன்றைக்குப் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்க்கிறாள். சம்பளம் இல்லை, லீவும் இல்லை. காட்பாடி வண்டியில் அவள் பிள்ளையோடு ஏறினால், கொஞ்சம் எழுந்து இடம் கொடுங்கள்.