பாதி வீடு, முழுக் கணக்கு

புனே நகருக்கு வடமேற்கே, பழைய மும்பைச் சாலையின்மேல் அமைந்துள்ள பகுதி நிக்டி. 1954-இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் தோன்றிய பின்னர், சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் பல எழுந்தன. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களும் இங்கே வேரூன்றின. அத்தகைய குடும்பங்களில் இன்று எழும் கேள்வி ஒன்று உண்டு: சேமித்த பணத்தைக் கொண்டு, ஒரே நடுச்சுவரால் இணைந்த இரட்டை வீட்டில் ஒரு பாதியை வாங்கி வாடகைக்கு விடலாமா? அதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் வரவைப் பார்ப்போம். விலை 1 கோடி ரூபாய் என்றும், மாத வாடகை 25,000 ரூபாய் என்றும் ஓர் உதாரணத்திற்காக வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 30,000 ரூபாய். ஆக முதலீடு 1,07,30,000 ரூபாய். ஆண்டு வாடகை 3 லட்சம். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 25,000 குறையும். வரிக்கும் பழுதுபார்க்கவும் 50,000 போகும். மிச்சம் 2,25,000. நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் சில்லறைதான் தேறுகிறது. கடன் வாங்கி இதில் இறங்கினால், வட்டியைக்கூட வாடகை தாங்காது.

அப்படியானால் இலாபம் எங்கே? நிலத்தின் விலை உயர்வில்தான். கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகும். நிலமோ மதிப்பில் உயரக்கூடும். 2023-இல் மெட்ரோ ரெயிலை நிக்டி வரை நீட்டிக்க அனுமதி கிடைத்ததை விற்பவர் எடுத்துச் சொல்லுவார். எனினும், அந்த நிலம் நமக்கு எந்த உரிமையில் கிடைக்கிறது என்பதே முதற்கேள்வி.

நிக்டியில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1972-இல் ஏற்பட்ட பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையம், மக்கள் 'பிராதிகரண்' என வழங்குவது, மனைகளை 99 ஆண்டுக் குத்தகைக்கே அளித்தது. 1985-இல் குத்தகைக்குத் தரப்பட்ட மனையின் தவணை 2084-இல் முடியும். கைமாற்றுவதற்கு ஆணையத்தின் அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டன. 2021-இல் அவ்வாணையம் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்புகள் புனே பெருநகர வளர்ச்சி ஆணையத்திற்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கும் சென்றன. ஆகவே, நாம் விரும்பும் மனை இன்று எந்தக் காரியாலயத்தின் பொறுப்பில் உள்ளது, அனுமதிக்கு என்ன செலவாகும் என்பனவற்றை நேரில் சென்று கேட்டறிதல் வேண்டும். நம் ஊரில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் கேட்பதுபோல, இங்கே மூலக் குத்தகைப் பத்திரத்தையும், இதுவரை நடந்த ஒவ்வொரு கைமாற்றத்தின் ஆணையையும் கேட்க வேண்டும். வெறும் பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியுள்ளது.

அடுத்தது நடுச்சுவர். மனை முறைப்படி இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளதா, அன்றிப் பிரிபடாத பங்குதானா? பிரிபடாத பங்கெனில், பின்னாளில் வீட்டை இடித்துக் கட்டவோ மாடி எழுப்பவோ மற்றப் பாதிக்காரரின் இசைவு இன்றியமையாதது. அவர் வயோதிகராக இருக்கலாம். அவருடைய வாரிசுகள் பலராக இருக்கலாம். சுவர், கூரை, கழிவுநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதை, வாங்குவதற்கு முன்பே எழுத்தில் பெறுதல் நலம். அந்த வீட்டாரை ஒருமுறை சென்று கண்டு பேசுவதற்குச் செலவொன்றும் இல்லை. அதனால் அறியக்கூடியதோ மிகுதி.

வாடகைக்கு விடும்போதும் ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ளவேண்டும். 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி, 11 மாத ஒப்பந்தமாயினும் அது எழுத்தில் இருந்து, பதிவு செய்யப்படவும் வேண்டும். அது வீட்டுக்காரரின் பொறுப்பு.

குத்தகை ஆண்டுகள் போதிய அளவு எஞ்சியிருந்து, மனை தனியாகப் பிரிந்திருந்து, அனுமதிகளும் ஒழுங்காக இருக்குமாயின், பாதி வீடும் நல்ல சொத்தே. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், விலை மலிவு என்பதற்காக முன்பணம் கொடுத்துவிடலாகாது. ஓய்வுக்குப் பின் சொந்த ஊர் திரும்ப எண்ணுவோர், தேவைப்படும் நாளில் விற்றுப் பணமாக்கக்கூடிய சொத்தையே நாட வேண்டும். நாம் இன்று கேட்கத் தயங்கும் பத்திரத்தை, நாளை நம்மிடம் வாங்க வருபவர் தயங்காமல் கேட்பார்.