பிள்ளைக்கொரு கணக்கு

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் தமிழ் வகுப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் இத்தகைய வகுப்புகள் பல இணையவழிக்கு மாறின. பின்னர் வகுப்பறைகள் திறந்தன. ஆயினும் பயிற்சியும் மதிப்பெண்ணும் பல இடங்களில் இணையத்திலேயே தங்கிவிட்டன.

இதற்கெனக் கல்விக்கூடங்கள் பலவும் கைக்கொள்வது மூடில் என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கியது. 2002-இல் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. விலையின்றிக் கிடைப்பதால் சிறு சங்கத்துக்கும் ஏற்றதே. ஆனால் விலையில்லை என்பதால் வேலையில்லை என்றாகாது. யார் உள்ளே வரலாம், யார் பெயரில் மதிப்பெண் ஏறும் என்பதையெல்லாம் பயனர் கணக்கே முடிவு செய்கிறது. அக்கணக்குகளைப் பேணும் சுமையோ, ஞாயிற்றுக்கிழமை ஓய்வைத் துறந்து உழைக்கும் ஓர் அன்பரின் தோளில் விழுகிறது.

இயல்பான அமைப்பில் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கணக்கையே மூடில் ஏற்கும். வீட்டில் பிள்ளைகள் இருவர்; முகவரியோ தந்தையாருடையது ஒன்றே. உடனே அக்காளும் தம்பியும் ஒரே கணக்கில் நுழைகின்றனர். அக்காள் எழுதி வைத்த விடையைத் தம்பி திருத்துகிறான். யாருக்கு மதிப்பெண் இட்டோம் என்பது ஆசிரியருக்கே தெரிவதில்லை. ஒரே முகவரியில் பல கணக்குகளை அனுமதிக்க நிருவாகிக்கு வசதியுண்டு. ஆனால் மறந்த கடவுச்சொல்லை மின்னஞ்சல் வழியே மீட்கும்போது குழப்பம் நேரும். பெற்றோர் பொறுப்பில் பிள்ளைக்கொரு முகவரி தொடங்குவதே நன்று. அலுவலக முகவரியை மட்டும் தந்துவிடலாகாது. வேலை மாறியபின் அது அடைபடும். மீட்பு மடல் எவர் கைக்கும் எட்டாமற் போகும்.

அடுத்தது பெயர். மூடில் முதற்பெயரும் குடும்பப் பெயரும் கட்டாயம் கேட்கும். குடும்பப் பெயர் நம்மவர் பலருக்கு ஏது? செ. கயல்விழி என்னும் பெயரைத் தலைப்பெழுத்தோடு ஒருவர் பதிவார். தந்தை பெயரை விரித்து மற்றொருவர் பதிவார். ஒரே குழந்தை இரு கணக்குகளில் இருவராகத் தோன்றுவாள். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே பதிக என்பது நம் கருத்து. பெயர்களைத் தமிழில் எழுதி அட்டவணைக் கோப்பாக மொத்தமாய் ஏற்றும் அன்பர்கள் அதனை யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தல் வேண்டும். தவறினால் எழுத்துகள் இருக்குமிடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாய் நிற்கும்.

கணக்கு இருந்தும் பாடம் தெரியவில்லையே என முறையிடுவோரும் உளர். கணக்கு என்பது வாயிற்படி. பாடத்தில் சேர்த்தல் தனிச்செயல்.

இனி, நாம் பெரிதும் அஞ்சுவது ஒன்றுண்டு. ஆண்டிறுதியில் பட்டியலைத் துப்புரவாக்க எண்ணி, மாற்றலாகிச் சென்ற குடும்பத்துப் பிள்ளைகளின் கணக்குகளை நீக்கிவிடுகின்றனர். நீக்கினால் பாடச் சேர்க்கையும் மதிப்பெண்ணும் உடன்போகும்; அதனை மீளப்பெற நிருவாகியின் திரையில் வழியில்லை. நம் குடும்பங்களோ இன்று நாகபுரி, நாளை போபால், மூன்றாம் ஆண்டு மீண்டும் நாகபுரி எனச் சுழல்பவை. திரும்பிவரும் சிறுமி நான்காம் நிலை முடித்தவள் என்பதற்குச் சான்று எங்கே? அகரத்திலிருந்து தொடங்கு என்றால் அவள் வகுப்பையே வெறுப்பாள். இதற்கென்றே கணக்கை இடைநிறுத்தும் வசதி உள்ளது. இடைநிறுத்தினால் உள்ளே நுழைய இயலாது. எழுதியவையும் பெற்றவையும் அப்படியே இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்கலாமா எனின், அதுவும் தகாது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆகவே சேர்க்கைப் படிவத்திலேயே இசைவைப் பெற்று, எத்தனை ஆண்டு வைத்திருப்போம் என்பதையும் எழுதிவிடுதல் முறையாகும். பெற்றோர் நீக்கக் கோரினால் நீக்கவே வேண்டும்.

ஊர் மாறும் குடும்பத்தார் புறப்படுமுன் நிருவாகியைக் கண்டு, மதிப்பெண் பட்டியலைப் படியெடுத்துக்கொண்டு, கணக்கை நீக்காது இடைநிறுத்துமாறு எழுத்தில் கேட்பாராக.