செல்போனில் வரும் போலி அபராதம்

போக்குவரத்து சலான், ஃபாஸ்டேக் என்ற பெயரில் வாகன ஓட்டிகளின் வங்கிக் கணக்குகளைக் காலி செய்கின்றன மோசடிக் கும்பல்கள். பத்து நிமிடப் பொறுமை இருந்தால் தப்பிவிடலாம்.

தகவல் சுருக்கமானது. வண்டி எண் சரியாகவே இருக்கும். சிவப்பு விளக்கைத் தாண்டியதாகவோ, ஹெல்மெட் அணியவில்லை என்றோ ஒரு குற்றச்சாட்டு. 500 அல்லது 1,000 ரூபாய் அபராதம். கட்டாவிட்டால் கோர்ட் என்ற மிரட்டல். கடைசியில், சலானைப் பார்ப்பதற்கென்று ஒரு இணைப்பு அல்லது கோப்பு. இந்தியச் சாலைகளில் வண்டி ஓட்டும் யாருக்கும் மனசாட்சி முழுச் சுத்தமாக இருப்பதில்லை. போன வாரம் எந்த சிக்னலில் தாண்டினோம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே விரல் இணைப்பை அழுத்திவிடுகிறது.

அந்த பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்கான அபராதம் 500 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. குடித்துவிட்டு ஓட்டினால் 2,000 ரூபாயாக இருந்தது 10,000 வரை போனது. 2021 ஆகஸ்டில் வந்த விதிகள் கேமராக்கள் மூலம் குற்றங்களைப் பதிவு செய்து நோட்டீஸ் அனுப்ப வழி வகுத்தன. சாலையில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தாமலே வீட்டுக்கு அபராதம் வரும் என்பது மக்களுக்குப் பழகிவிட்டது. மோசடிக்காரர்களும் இந்தப் பழக்கத்தைத்தான் முதலீடாக வைத்துத் தொழில் நடத்துகிறார்கள்.

இரண்டு வழிகள்

பழைய முறை, போலி இணையதளம். அரசின் உண்மையான சலான் தளத்தின் முகவரி 'பரிவாஹன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியும். 2023-ல் புழங்கிய ஒரு போலித் தகவலில் 'ஜிஓவி' என்ற பகுதி மட்டும் காணாமல் போயிருந்தது. மற்றதெல்லாம் அச்சு அசல். அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் அந்த வித்தியாசம் படாது. அங்கே கார்டு எண்ணைக் கொடுத்தால் அது நேராகத் திருடர்களிடம் போய்விடும்.

புதிய முறை இன்னும் ஆபத்தானது. வாட்ஸ்அப்பில் சலான் என்ற பெயரில் ஒரு கோப்பு வரும். பெயரின் இறுதியில் 'ஏபிகே' என்று இருக்கும். அது ரசீதும் அல்ல, புகைப்படமும் அல்ல. ஆண்ட்ராய்டு போனில் நிறுவப்படும் ஒரு செயலி. எஸ்எம்எஸ்களைப் படிக்க அனுமதி, தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி என்று வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னால், வங்கி அனுப்பும் ஓடிபி எண் உங்களுக்கும் திருடனுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். போனை யாரும் தொடவில்லை, ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் பணம் போய்விட்டது என்று பலர் திகைப்பது இதனால்தான்.

கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2024 ஜூலையில் இப்படி ஒரு கும்பலை அம்பலப்படுத்தியது. வியட்நாமிலிருந்து இயங்குவதாகக் கருதப்படும் அந்தக் கும்பலின் செயலி 4,400-க்கும் அதிகமான போன்களில் புகுந்திருந்தது. 16 லட்சம் ரூபாய்க்கு மேல் சுருட்டப்பட்டிருந்தது. அதிக பாதிப்பு குஜராத்தில், அடுத்தது கர்நாடகத்தில். திருடிய பணத்தில் பரிசு அட்டைகளை வாங்கி, தடயம் தெரியாமல் அவற்றைக் காசாக்கியது கும்பல்.

ஃபாஸ்டேக் பெயரிலும் இதே வேலை நடக்கிறது. உங்கள் கேஒய்சி முடியவில்லை, அட்டை முடக்கப்படும் என்று தகவல் வரும். செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாமல் சுங்கச்சாவடிக்குப் போய் ரொக்கம் நீட்டினால் இரு மடங்கு கட்டணம் என்ற விதி 2025 நவம்பர் 15-ல் அமலுக்கு வந்தது. தினமும் பல சாவடிகளைக் கடக்கும் லாரி, டாக்ஸி டிரைவருக்கு அந்த மிரட்டல் வயிற்றிலேயே கை வைப்பது போல. உண்மையில், கேஒய்சி வேலையை ஃபாஸ்டேக் தந்த வங்கியின் தளத்திலோ செயலியிலோ பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டி எண் சரியாக இருப்பது எதற்கும் ஆதாரம் அல்ல. அது வண்டியின் முன்னும் பின்னும் ஊரறிய எழுதப்பட்டிருக்கிறது. அனுப்பியது யார் என்று பாருங்கள். பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், போலி. 2025 முதல் அரசுத் துறைகள் அனுப்பும் எஸ்எம்எஸ்களில் அனுப்புநர் பெயர் 'ஜி' என்ற ஆங்கில எழுத்தில் முடிய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஏற்பாடு.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. வந்த இணைப்பைத் தொடாதீர்கள். பரிவாஹன் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். உண்மையான சலான் என்றால் அங்கே இருக்கும். கேமரா பிடித்த குற்றத்துக்குப் புகைப்படம், இடம், தேதி, நேரம், எந்தச் சட்டப் பிரிவு என்பதெல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும் என்கின்றன 2021 விதிகள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் தகவலை அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் பதிவான செல்போன் எண் பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அசல் வந்து சேர்ந்தால்தான் போலியை அடையாளம் காண முடியும்.

ஏமாந்துவிட்டால்?

முதலில் போனின் இன்டர்நெட்டைத் துண்டித்து, சிம் கார்டைக் கழற்றுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு 1930. இது நாடு முழுவதற்குமான சைபர் மோசடிப் புகார் எண். திருடப்பட்ட பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு வங்கியில் அதை நிறுத்தி வைக்க முயல்வார்கள். அது வெளியே எடுக்கப்பட்டுவிட்டால் பிறகு கிடைப்பது கஷ்டம். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், புகார் செய்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது என்கிறது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவு. எனவே வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

நண்பர்களுக்கும் சொல்லிவிடுங்கள். பாதிக்கப்பட்டவரின் வாட்ஸ்அப்பிலிருந்தே அதே கோப்பு குடும்பக் குழுக்களுக்கும் அலுவலகக் குழுக்களுக்கும் போவது வழக்கம். மைத்துனர் அனுப்பியது என்று நம்பித் திறப்பவர்கள்தான் அடுத்த பலி. அசல் சலானைக் கட்ட நாட்கணக்கில் அவகாசம் உண்டு. இந்த நிமிடமே கட்டு என்று விரட்டும் அவசரம் மோசடிக்காரனுக்கு மட்டும்தான்.