ஐவரில் மூத்தவர்

1948-ல் ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து கோவிந்தப்ப வெங்கடசாமியை விடுவித்தார்கள். காரணம் முடக்குவாதம். முப்பது வயதுகூட நிறையவில்லை. மூட்டுகள் வீங்கி, கைவிரல்கள் மடங்கிக் கோணிப்போய்விட்டன. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. ஓராண்டுக்கு மேல் படுத்த படுக்கை.

அப்போது வீட்டில் அவரை நம்பி இருந்தவர்கள் சிலர் அல்ல, பலர். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்ற கரிசல்காட்டுக் கிராமத்தில், 1918 அக்டோபர் 1 அன்று, ஒரு விவசாயக் குடும்பத்தின் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அவர். உடன்பிறந்தவர்கள் நால்வர்: நல்லகிருஷ்ணன், ஜானகி, ஸ்ரீனிவாசன், நாச்சியார். தந்தை காலமான பிறகு அவர்களுடைய படிப்பு, கல்யாணம், பிழைப்பு எல்லாம் மூத்தவர் தலையில் வந்து இறங்கின. அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

காலையில் எருமைகளை மேய்த்துவிட்டு, பிறகு பல மைல் நடந்து பள்ளிக்குப் போன பிள்ளை. ஆரம்பத்தில் நோட்டும் பென்சிலும் கிடையாது, எழுத்துப் பழகியது மணலில். அங்கிருந்து மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. டாக்டராக வேண்டும் என்ற எண்ணத்தை விதைத்தவை ஊரில் நடந்த சாவுகள். அவருக்குப் பத்து வயது ஆவதற்குள், உறவுக்காரப் பெண்கள் மூவர் நிறைமாதத்தில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அருகில் ஒரு டாக்டர் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள். ஆகவே மகப்பேறு மருத்துவம்தான் படிப்பது என்று முடிவு செய்திருந்தார். முடங்கிய கைகள் அந்தக் கதவை அடைத்துவிட்டன. கண் மருத்துவத்துக்கு மாறினார். 1951-ல் அதில் பட்டயம் பெற்றார்.

கண் அறுவைச் சிகிச்சைக்கு வேண்டியது மில்லிமீட்டர் கணக்கில் நடுங்காத கை. விரல்கள் நேராக நிமிராத ஒருவர் அதைக் கற்றது மெல்ல மெல்லத்தான். முதலில் பேனா, அப்புறம் கத்தி. தன் விரல் மடிப்புக்கு ஏற்ற மாதிரி கருவிகளைத் தானே வடிவமைத்துக்கொண்டார். பிடி வசப்பட்ட பிறகு ஒரே நாளில் நூறு பேருக்குக்கூட அவர் கண்புரை அறுவை செய்திருக்கிறார். வாழ்நாளில் அவர் கையால் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவரானார். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி, அதாவது இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனையில், இருபது ஆண்டுகள் வேலை. அந்தக் காலத்தில் கிராமத்தில் கண்புரை வந்தால் 'வயசாயிடுச்சு, பார்வை போயிடுச்சு' என்று திண்ணையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி வைத்தியம் இலவசம்தான். ஆனால் மதுரைக்கு வர பஸ் காசு வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும், அந்த ஆளுக்கு அன்றைய கூலி போகும். இதைப் புரிந்துகொண்டவர், ஆஸ்பத்திரியையே ஊருக்குக் கொண்டுபோனார். பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் கண் சிகிச்சை முகாம்கள் நடந்தன. 1973-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. கை வலியும் மூட்டு வலியும் உள்ள ஒருவர் அத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அதே ஆண்டில் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரிடம் அவருக்கு ஆழ்ந்த பற்று. அந்தப் பெயரையே வைத்தார். வங்கிகள் கடன் தர முன்வரவில்லை. வீடு அடமானத்துக்குப் போனது, குடும்பத்துப் பெண்களின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

குடும்பத்துக்காக உழைத்த மூத்தவர்களைப் பற்றி நம் வீடுகளில் ஏராளமாகக் கேட்டிருக்கிறோம். தம்பிகளைப் படிக்க வைத்தார், தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி முடிப்பார்கள். வெங்கடசாமியின் வாழ்க்கையில் அது பாதிதான். கரையேற்றிய தம்பி தங்கைகளையே அடுத்த வேலைக்குக் கூப்பிட்டார் என்பதுதான் மீதிப் பாதி. அரிதானதும் அதுவே. கடைக்குட்டி நாச்சியாரையும் அவருடைய கணவர் நம்பெருமாள்சாமியையும் கண் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். இருவரும் அரசு வேலையின் பாதுகாப்பை விட்டுவிட்டு அண்ணனோடு சேர்ந்தார்கள். கட்டுமானத் தொழில் தெரிந்த தம்பி ஸ்ரீனிவாசன் கட்டடப் பொறுப்பையும் வரவுசெலவையும் எடுத்துக்கொண்டார். கையில் பணம் இருக்கும் அளவுக்குக் கட்டுவது, வருமானம் சேர்ந்ததும் அடுத்த தளத்தை எழுப்புவது என்று மதுரை அண்ணா நகர் கட்டடம் படிப்படியாக உயர்ந்தது. நல்லகிருஷ்ணன் குடும்பம், நம்பெருமாள்சாமியின் தங்கை விஜயலட்சுமி, அவர் கணவர் என்று உறவு வட்டம் விரிய விரிய மருத்துவர் பட்டியலும் நீண்டது. மேலாண்மை படித்த உறவினர் துளசிராஜையும் விடாமல் அழைத்து, 1981-ல் மதுரைக்கு வரவழைத்தார்.

இந்த அழைப்பில் கண்டிப்பும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சம்பளம் ஏறக்குறைய அரசு மருத்துவர் அளவுதான். தனியாக கிளினிக் வைக்கக்கூடாது. நல்ல கை ராசியுள்ள கண் மருத்துவர் தனியாகத் தொழில் செய்தால் பல மடங்கு சம்பாதிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் கேட்டார் என்பதற்காக மட்டும் ஒரு குடும்பம் முழுக்க இப்படி இருந்துவிடாது. கேட்டவர் தன் வாழ்நாள் முழுவதையும் முதலில் கொடுத்துவிட்டுக் கேட்டார். அதனால்தான் மறுக்க முடியவில்லை.

வேலையை அவர் ஒழுங்குபடுத்திய விதம் தனியே பார்க்கத் தக்கது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைக் கவனித்தவர், எந்த ஊரில் போய்ச் சாப்பிட்டாலும் தரமும் விலையும் மாறாமல் இருப்பதைக் கண்டு வியந்தார். கண்புரைக்கும் அது ஏன் முடியாது என்று யோசித்தார். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் போட்டார்கள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி மருந்து போட்டு, கண்ணைச் சுத்தம் செய்து தயாராக இருப்பார். ஒரு கண் முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போய்விடலாம். இந்தத் தயாரிப்பு வேலைகளைச் செய்பவர்கள் பள்ளிப் படிப்பு முடித்து, இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். அந்தப் பயிற்சியை வளர்த்தெடுத்தவர் நாச்சியார். காசு கொடுக்கக்கூடியவர்கள் கட்டணப் பிரிவுக்குப் போனார்கள். அந்த வருமானத்தில், முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ சிகிச்சை நடந்தது. இரண்டு பிரிவிலும் மாறி மாறி வேலை செய்தவர்கள் அதே மருத்துவர்கள்.

ஒரு குறை நெடுநாள் இருந்தது. புரையேறிய லென்ஸை எடுத்த பிறகு ஏழைகளுக்குக் கிடைத்தது கனத்த சோடாபுட்டிக் கண்ணாடி. அது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடியும் இருட்டு. கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறை வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் ஒன்றுக்கு 100 டாலரை ஒட்டி விலை. கூலிக்காரருக்கு எட்டாத தொகை. 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் விலை 10 டாலருக்கும் கீழே இறங்கியது. இலவசப் பிரிவில் படுத்திருந்த பாட்டிக்கும் அது கிடைத்தது.

தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று கிளைகள் வந்தன. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் அறுவைச் சிகிச்சைகள் என்ற நிலைக்கு நிறுவனம் வளர்ந்த காலத்திலும், உலகம் 'டாக்டர் வி' என்று அழைத்த அந்த மனிதர் எளிய உடையில் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார். பல ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதிவந்தார். பேனா பிடிக்க முடியாமல் போன கை எழுதிய குறிப்புகள் அவை. தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்விகள் அவற்றில் நிறைய. அவருடைய பேத்தி முறையில் வரும் பவித்ரா மேத்தா, சுசித்ரா ஷெனாயுடன் சேர்ந்து 2011-ல் எழுதிய நூலுக்கு அந்தக் குறிப்புகள் பெரிதும் துணையாயின.

2006 ஜூலை 7 அன்று, 87-ஆவது வயதில், மதுரையில் வெங்கடசாமி காலமானார். பெரியவர் போனதும் சொத்துத் தகராறில் உடையும் குடும்ப நிறுவனங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே பிரித்துக்கொள்ளச் சொத்து இல்லை. மருத்துவமனை அறக்கட்டளைக்குச் சொந்தம், குடும்பத்தார் அதில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். நம்பெருமாள்சாமிக்கு 2007-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அண்ணனுக்குக் கிடைத்து அரை நூற்றாண்டு கழித்து, 2024-ல், நாச்சியாருக்கும் அதே விருது அறிவிக்கப்பட்டது. ஸ்ரீனிவாசனின் மகன் அரவிந்த் உள்பட அடுத்த தலைமுறையினர் பலர் இன்று அதே அறுவை அரங்குகளில் நிற்கிறார்கள்.