'மக்கர்' பண்ணும் படகு என்ஜின்... கிளம்பும் முன் கவனிங்க!

கிழக்கு கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். அத்தனை நாளும் கரையில் நின்ற விசைப்படகின் என்ஜின் ஒரு நேரம் ஸ்டார்ட் ஆகும், மறுநேரம் அசையாது. அதை நம்பிப் போனால் நடுக்கடலில் தவிக்க வேண்டியதுதான்.

கோளாறு எங்கே? சத்தமே காட்டிக் கொடுக்கும்.

'டக் டக்' என்று நின்றால் பேட்டரி பக்கம் பாருங்க. டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் ஒயரை கழற்றி, சுரண்டி, இறுக்கி மாட்டுங்க. 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் புல் சார்ஜ்.

என்ஜின் சுற்றியும் பிடிக்கலையா? டீசல் லைனை பாருங்க. பில்டர் அடியில் தேங்கிய தண்ணீரை வடிச்சு விடுங்க. ஏர் ஸ்குரூவை தளர்த்தி கைப்பம்பை அடிங்க. நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் இறுக்குங்க. மறுநாளும் காற்று சேர்ந்தால் ஓஸ், கிளாம்பு, வாஷரில் எங்கோ கசிவு இருக்கு.

'செல்ப்' மோட்டாரை 10 வினாடிக்கு மேல் அழுத்தாதீங்க, கருகிடும். 2 நிமிடம் ஆற விடுங்க.

முதல் நாளே என்ஜினை ஓட்டி நிறுத்துங்க. காலையில் ஒரே அழுத்தில் பிடித்தால் மட்டும் கிளம்புங்க. அப்படியும் கடலில் நின்றுவிட்டால் வி.எச்.எப். சேனல் 16-ல் கூப்பிடுங்க. கடலோர காவல்படை உதவி எண்: 1554.