இல்லத்துக்கு வந்த பெயர்கள்

பள்ளிக்கூடத்தில் இன்று 'இல்லம்' அல்லது 'ஹவுஸ்' என்றால் விளையாட்டுப் போட்டிக்கான அணி. முதலில் அது மாணவர்கள் உண்டு உறங்கிய வீடு. இங்கிலாந்தின் ஈட்டன் போன்ற பழைய பள்ளிகளில் வெளியூர்ப் பிள்ளைகள் ஊரார் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். பின்னர் ஆசிரியர்களே அவ்வீடுகளை நடத்த, வீட்டுக்கொரு பொறுப்பாசிரியரும் பெயரும் அமைந்தன. தினம் வந்துபோகும் பிள்ளைகளையும் ஓர் இல்லத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அதன் தொடர்ச்சி.

தமிழரிடையே விடுதிப் பள்ளி ஆழமாக வேரூன்றிய இடம் யாழ்ப்பாணம். 1816இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன், 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியையும் தொடங்கியது. பெரிய சிக்கல் சோறுதான். கிறிஸ்தவர் வளவில் சமைத்ததைச் சைவப் பிள்ளைகள் தொட மறுத்ததால், தொடக்கத்தில் பக்கத்துச் சைவர் ஒருவரின் காணியில் சமையலறை போடவேண்டியிருந்தது.

ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பிய அமெரிக்கர், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை வைக்கலாம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் இப்படி வந்தவையே. பெற்றோர் இட்ட பெயரைச் சோற்றுச் செலவோடு முடிச்சுப்போட்டது நியாயமில்லை. ஆனால் கிடைத்த கல்வி சிறியதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர் இந்தத் தாமோதரம்பிள்ளைதான்.

செமினரி 1855இல் மூடப்பட்டது. சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே ஆங்கிலம் கற்கவேண்டும் என்ற தவிப்பில், 1890இல் சைவ பரிபாலன சபை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைக் கையேற்றது. அதன் ஐந்து இல்லங்கள் நாகலிங்கம், காசிப்பிள்ளை, பசுபதி, சபாபதி, செல்வத்துரை. நாகலிங்கம், சபை ஏற்குமுன் பள்ளியை நடத்திய வழக்கறிஞர். செல்வத்துரை, நீண்டகாலம் அதிபராக இருந்தவர். கடல்கடந்த புரவலர் வைத்த பெயரை மாணவன் சுமந்த காலம் போய், பள்ளிக்காக உழைத்த உள்ளூர்க்காரர்களின் பெயரை இல்லங்கள் தாங்கிய இந்த மாற்றம் மிகப் பெரியது.

யாழ்ப்பாணப் பள்ளிகளில் ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கிறது. மைதான ஓரத்தில் ஒவ்வோர் இல்லமும் மூங்கிலும் துணியும் காகிதமும் கொண்டு தன் கூடாரத்தை அலங்கரிக்கும். அந்த அலங்காரத்துக்கும் பரிசு உண்டு. விடுதியில் ஓர் இரவுகூடத் தங்காத பிள்ளையும் அன்று தன் இல்லத்தின் நிறத்தை அணிந்தே ஓடுகிறது.