பெருங்காற்றும் பயண டிரெய்லரும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லாரமி, ராலின்ஸ் நகரங்களுக்கு இடையே 1970இல் திறக்கப்பட்ட 80ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை குளிர்காலப் பெருங்காற்றுக்குப் பேர்போனது. ராக்கி மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் இப்பகுதியில் மேலைக்காற்று நெருக்குண்டு விரைவதால், எல்க் மலையடிவாரத்தில் அது உச்சம் பெறும் நாட்களில், எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு மட்டும் மாநிலப் போக்குவரத்துத் துறை சாலையை மூடிவிடுகிறது. படுக்கையும் சமையலறையும் கொண்டு, கார் அல்லது பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் பயண டிரெய்லர் இவ்வகையைச் சேர்ந்ததே.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப, அதாவது வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காக, உயர்கிறது. பக்கச்சுவர் 20 சதுர மீட்டர் பரப்புள்ள டிரெய்லரை மணிக்கு 47 கி.மீ. வேகக் குறுக்குக்காற்று ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளுமெனில், 93 கி.மீ. வேகத்தில் அவ்விசை ஏறத்தாழ 800 கிலோவாகிவிடும். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை ஓர் இடிமழையைக் ‘கடுமையானது’ என்று வகைப்படுத்தத் தொடங்கும் காற்று வேகமும் இந்த 93 கி.மீ.தான்.

இவ்விசை தூண்டும் பேராபத்து ஊசலாட்டம்: இரு வண்டிகளையும் பிணைக்கும் ஹிட்ச் என்னும் இணைப்பை மையமாகக் கொண்டு டிரெய்லரின் பின்பகுதி இடமும் வலமுமாக வீச, அவ்வீச்சு வளர்ந்து முன்வண்டியையும் திசைமாற்றிவிடுகிறது. இதற்கான தற்காப்பு சரக்கேற்றும்போதே தொடங்குகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 3,000 கிலோ டிரெய்லரில் 300 முதல் 450 கிலோ, ஹிட்ச்சின் மேல் அழுந்த வேண்டும். கனமான பொருள்களைப் பின்பக்கம் அடுக்கி இவ்விகிதத்தைக் குறைத்துவிட்டவருக்கு, பிறகு எந்த ஓட்டுநர் திறமையும் முழுத் துணையாகாது.

ஊசலாட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, டிரெய்லரின் மின்பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். முன்வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதோ வேகமெடுத்துத் தப்ப முயல்வதோ வீச்சைப் பெருக்கும். பல டிரெய்லர் டயர்கள் மணிக்கு 105 கி.மீ. வேகத்திற்கே வடிவமைக்கப்பட்டவை என்பதையும், தேங்கிய நீரின்மேல் டயர் தரைப்பிடிப்பை இழந்து வழுக்கும் என்பதையும் எண்ணினால், மழையில் வேகத்தை வெகுவாகக் குறைப்பதன் தேவை விளங்கும்.

சூறாவளிச் சுழல் நெருங்கும்போது டிரெய்லர் புகலிடமாகாது. நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடிப்புறமும் ஆகாது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அவ்வாறு ஒதுங்கியவர்களில் சிலர் உயிரிழந்தனர். உறுதியான கட்டடத்தின் கீழ்த்தளமே தக்க இடம் என்பதால், எச்சரிக்கை வெளியானதும் அத்தகைய இடமுள்ள ஊரில் தங்கிவிட வேண்டும். முன்பதிவுப் பணமும் விடுமுறை நாட்களும் வீணாவதை எண்ணிப் புறப்படுவோரே பெரிதும் இடர்ப்படுவர் என்பதால், ஒருநாள் தாமதத்தையும் பயணத் திட்டத்தின் ஒரு பகுதியாக முன்கூட்டியே சேர்த்துக்கொள்வது டிரெய்லர் இழுக்கும் ஒவ்வொருவரின் கடமையாகும்.